அந்த நிக்கல் செல்லை எடைக்குப் போடாதீர்கள்

மின்பூச்சுப் பட்டறைகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் எங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் நிர்வாகக் குழுவுக்கு,

போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட இரண்டு வரியைப் படித்தேன். மின்செலவு கட்டுப்படியாகாததால் சோதனைக்கு வைத்திருந்த மின்வேதி அலகு, அதாவது கழிவுத் தண்ணீரிலிருந்து நிக்கலைப் பிடிக்கிற செல், அகற்றப்பட்டு எடைக்குக் கொடுக்கப்படும், அந்த இடத்தில் கூடுதல் ஸ்லட்ஜ் ஷெட், அதாவது கழிவுச் சேறு அடுக்கும் கொட்டகை, போடப்படும். அவ்வளவுதான். கீழே பதினாறு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். ஒருத்தர் கும்பிடு போட்டிருந்தார், எதற்கென்று தெரியவில்லை.

இதற்குப் பதிலை அந்தக் குழுவிலேயே எழுதினால் காலையில் வரும் பூப்படங்களுக்கு அடியில் போய்விடும். அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

என்னை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கோவையில் பம்ப்செட் உதிரிகளுக்கும் கிரைண்டர் சாமான்களுக்கும் நிக்கல் பூச்சுப் போடுகிற சின்னப் பட்டறை எங்களுடையது. ஏழு தொட்டி, ஒரு பேரல், ஐந்து ஆட்கள். பத்தொன்பது வருஷமாக அதன் கணக்கை எழுதுகிறவள் நான். நிக்கல் ஆனோடு, அதாவது தொட்டியில் தொங்கவிட்டுக் கரைகிற நிக்கல், என்ன விலைக்கு வந்தது, எத்தனை கிலோ சாமானில் ஏறியது, எத்தனை கிலோ கழுவுத் தண்ணீரோடு வெளியே போனது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பொதுக்குழுவில் நான் எழுந்தால் "அம்மா சுருக்கமா சொல்லுங்க" என்பீர்கள். இன்றைக்குச் சுருக்க முடியாது.

என் வீட்டுக்காரர் சொந்தப் பட்டறை போடும் முன் பதினொரு வருஷம் ஒரு ஹார்டு குரோம் பட்டறையில் இருந்தார். ராத்திரி அமைதியாக இருக்கும்போது அவர் மூச்சு விட்டால் மெல்லிய விசில் சத்தம் வரும். கல்யாணமான புதிதில் சளி என்று நினைத்தேன். இரண்டு துவாரத்துக்கும் நடுவிலுள்ள மூக்குத் தண்டில் ஓட்டை. ஒரு பக்கம் டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும் என்று இ.என்.டி. டாக்டர் எனக்குக் காட்டினார், இவர் அதைப் பெரிய வித்தை மாதிரி சிரித்துக்கொண்டே காட்டுவார். குரோம் தொட்டியில் நாம் செலுத்துகிற மின்சாரத்தில் பூச்சாக மாறுவது ஐந்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழியாக மேலே வருகிறது. குமிழி உடையும்போது குரோமிக் அமிலம் கண்ணுக்குத் தெரியாத பனியாகத் தெறிக்கிறது, தொட்டி ஓரத்தில் நிற்கிறவன் அதைத்தான் சுவாசிக்கிறான். அந்த அமிலத்தில் இருக்கிற ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. உங்களில் இரண்டு பேருக்கு அதே விசில் இருக்கிறது, கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது கேட்டிருக்கிறேன்.

அப்புறம் தண்ணீர். அந்தப் பழைய பட்டறைக்குப் பின் தெருவில் என் மாமியார் குடியிருந்தார். அங்கே போர்த் தண்ணீரை வெள்ளை பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தால் லேசாக எலுமிச்சைத் தோல் நிறம் தெரியும். பாசி என்றார்கள், குழாய்த் துரு என்றார்கள். ஒரு நாள் எங்கள் பட்டறைக்கு ரசாயனம் கொடுக்கிற தம்பி ஒரு சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து, கொஞ்சம் அமிலமும் இரண்டு சொட்டு டைபினைல்கார்பசைடும் விட்டார். நாவற்பழம் தின்ற நாக்கு நிறத்துக்கு மாறியது, ஆறு இணைதிறன் குரோமியம் இருப்பதன் அடையாளம் அது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கண்ணுக்கே மஞ்சள் தெரிகிறது என்றால் அது அந்த அளவைப் போல எத்தனையோ மடங்கு. அந்தத் தண்ணீரில்தான் மாமியார் முப்பது வருஷம் சாதம் வடித்தார்.

சரி, செல்லுக்கு வருகிறேன்.

மின்வேதி அலகு என்று நோட்டீஸில் எழுதினால் ஏதோ ராக்கெட் மாதிரி இருக்கிறது. அது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஃபைபர் தொட்டி. அதற்குள் மாறி மாறித் தொங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளும், மேலே ஆக்சைடு பூசிய டைட்டானியம் வலைகளும். தகடு கேத்தோடு, அதாவது மைனஸ்; வலை ஆனோடு, அதாவது பிளஸ். நம் எல்லோர் பட்டறையிலும் இருக்கிற, ஏ.சி.யை டி.சி.யாக்குகிற அதே ரெக்டிஃபையர். பட்டறையில் தண்ணீரிலிருக்கிற நிக்கலைச் சாமானின் மேல் ஏற்றுகிறோம், இங்கே கழிவுத் தண்ணீரிலிருக்கிற நிக்கலைத் தகட்டின் மேல் பிடிக்கிறோம். தொழிலே இதுதான். காலையிலிருந்து இரவு வரை ஆம்பியரோடு வாழ்கிற நாம், இதைப் பார்த்து நமக்கு ஒத்துவராது என்று சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

முதல் பதினொரு வாரம் அது எப்படி ஓடியது என்று நான் நேரில் பார்த்தேன். எங்களுடையது உட்பட மூன்று நிக்கல் பட்டறைகளின் டிராக் அவுட் தொட்டித் தண்ணீர் மட்டும் கேனில் போனது. பூச்சுத் தொட்டியிலிருந்து தூக்கிய ஜிக்கை, அதாவது சாமான் மாட்டிய சட்டத்தை, முதலில் முக்கி எடுக்கும், தண்ணீர் ஓடாமல் நிற்கிற தொட்டி அது. லிட்டருக்குச் சில கிராம் நிக்கல் அதிலேயே சேர்ந்துவிடும். ஒரு சனிக்கிழமை நிலையத்து ஆபரேட்டர் தம்பி கூப்பிட்டார், "அக்கா வாங்க, உரிக்கப் போறேன்" என்று. தகட்டைத் தூக்கி வைத்து, ஓரத்தில் பட்டையான ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினார். முறுகலாக வெந்த தோசை கல்லை விட்டு ஓரத்தில் சுருண்டு எழுமே, அப்படி எழுந்தது. பிறகு கையாலேயே இழுத்தார், முழு ஏடாக வந்தது. ஒரு பக்கம் தகட்டின் வழுவழுப்பு, மறுபக்கம் சொரசொர சாம்பல். கையில் வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பது வருஷமாகக் கணக்கில் "கழுவில் இழப்பு" என்று நான் எழுதிய பத்தி அது. அதற்கு எடை உண்டு என்பது அன்றைக்குத்தான் கையில் பட்டது.

நீங்கள் மின்செலவு என்கிறீர்கள். கணக்குப் போடுவோம். ஒரு கிலோ நிக்கல் படிய, ஒரு துளி வீணாகாமல் போனால், 913 ஆம்பியர் மணி வேண்டும். இது ஃபாரடே விதி, நான் கண்டுபிடித்ததில்லை. நூறு ஆம்பியர் விட்டால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். நடைமுறையில் கொஞ்சம் ஹைட்ரஜனாகப் போகும், அறுபது சதவீதம்தான் பிடிக்கிறது என்று வைத்தால் பதினைந்து மணி நேரம். நான்கு வோல்ட்டில் நூறு ஆம்பியர் என்றால் 400 வாட், வீட்டு இஸ்திரிப் பெட்டியை விடக் குறைவு. மொத்தம் ஆறு யூனிட். பம்பு, ரெக்டிஃபையர் இழப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் சேர்த்துப் பத்து யூனிட் என்றே தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் நூறு ரூபாய். கிலோ நிக்கலை நாம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறோம்.

அப்படியானால் உங்கள் கரண்ட் பில் எப்படி ஏறியது? பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு முடிவு எடுத்தீர்களே, அதனால்தான். "மூணு பட்டறைக்கு மட்டும் எதுக்கு, எல்லாரும் காசு கொடுத்துருக்கோம், எல்லா தண்ணியும் போகட்டும்" என்று கலெக்‌ஷன் தொட்டித் தண்ணீரை அப்படியே அதில் விடச் சொன்னீர்கள். ஜிங்க் பட்டறையின் சயனைடு, காப்பர், ஆசிடில் கரைந்த இரும்பு, ஜிங்க் பூச்சு கறுக்காமலிருக்க முக்குகிற பாசிவேஷன் குரோம், எல்லாம். கூடவே ஓடுகிற கழுவுத் தண்ணீரும், அதில் நிக்கல் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். ஏனுங்க, நிக்கல் தொட்டி ஓரத்தில் குரோம் ஜிக்கை எடுத்துக்கொண்டு ஒரு பையன் நடந்தாலே கத்துகிறவர்கள் நீங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் பூச்சு உரியும் என்று உங்களுக்குத் தெரியும். அதே குரோமைக் குடம் குடமாக அந்தச் செல்லில் ஊற்றினீர்கள். சயனைடு நிக்கலை இறுகப் பிடித்துக்கொண்டால் தகட்டுக்கும் வராது, பழைய முறையில் சுண்ணாம்பு போட்டாலும் அடியில் படியாது. தகட்டில் ஏடு வரவில்லை, கரிப்பொடி மாதிரி ஒன்றுதான் வந்தது. மின்சாரம் ஹைட்ரஜனாகவே போனது. பில் ஏறியது. அந்த நாலு மாத பில்லை எடுத்து, சுத்தம் செய்த தண்ணீரின் லிட்டர் கணக்கில் வகுத்து, கட்டாது என்று எழுதிவிட்டீர்கள். முதல் பதினொரு வாரத்தின் ஏடு எந்த வரவிலும் இல்லை. நான் ஆண்டு அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன், எங்கேயும் இல்லை.

இன்னொரு பக்கம் செலவே இல்லாத மாதிரிப் பேசுகிறோம், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. இப்போதைய முறையில் ஒரு கிலோ நிக்கலைச் சுண்ணாம்பு போட்டு இறக்கினால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய்ந்த ஹைட்ராக்சைடு. சேற்றை அழுத்தித் தண்ணீரைப் பிழிகிற ஃபில்டர் பிரஸ்ஸில் வரும் கட்டியில் முக்கால்வாசி தண்ணீர் என்றால் ஆறு கிலோ சேறு. ஒரு கிலோ ஆறு இணைதிறன் குரோமை மூன்று இணைதிறனுக்கு மாற்ற, வேதிக் கணக்குப்படியே 16 கிலோ அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், வேண்டும், ஆபரேட்டர் கை தாராளம், அதற்கு மேலேதான் போடுவார். அன்னபேதியின் சல்பேட் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகி அதுவும் சேறு. ஜிப்சமாகாதது உப்பாகத் தண்ணீரிலேயே நின்று ஆர்.ஓ. சவ்வை அடைக்கிறது. இந்தச் சேற்றையெல்லாம் சாக்கில் கட்டி, லாரியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டி நிலநிரப்பு வரை ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் அனுப்புகிறோம், அங்கே டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் வேறு. நாம் காசு கொடுத்து வாங்கிய நிக்கலை, காசு கொடுத்துச் சேறாக்கி, காசு கொடுத்துப் புதைக்கிறோம். இதற்குக் கட்டைவிரல் பதினாறு.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "அந்தம்மாவுக்குப் பாதிதான் தெரியும்" என்பீர்கள். குரோமுக்கு இந்தத் தகட்டுச் செல் சரிப்படாது. அதற்கு இரும்புத் தகடுகளை ஆனோடாக வைத்துக் கரையவிடுகிற வேறு முறை இருக்கிறது. கரைகிற இரும்பே குரோமை மூன்று இணைதிறனுக்கு இறக்கி, தானும் ஹைட்ராக்சைடாகி, அதையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு படியும். கிலோ குரோமுக்கு மூன்றேகால் கிலோ இரும்பு, சல்பேட் கிடையாது. ஆனால் அதிலும் சேறு உண்டு, குறையும், ஒழியாது. தகட்டில் செதில் கட்டும், அவ்வப்போது பிளஸ் மைனஸ் மாற்றிவிடவேண்டும், கவனிக்க ஆள் வேண்டும். நிக்கல் செல்லிலும் தொல்லை இருக்கிறது. நம் நிக்கல் தொட்டியில் குளோரைடு இருப்பதால் ஆனோடில் குளோரின் வாசனை வரும், காற்றை உறிஞ்சி வெளியேற்றாமல் ஓட்டக் கூடாது. அமிலத்தன்மையைக் காட்டுகிற பி.ஹெச். நாலுக்குக் கீழே இறங்கினால் பிடிப்பு குறையும், பையன் மணிக்கொரு தரம் பார்க்கவேண்டும். நிக்கல் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராமுக்குக் கீழே போனால் மின்சாரம் வீண், மீதியைப் பழைய முறையிலோ உலோகத்தை ஈர்த்துப் பிடிக்கிற ரெசின் மணிகளை வைத்தோதான் பிடிக்கவேண்டும். இவ்வளவும் உண்மை. ஆனால் இதில் எது நம் பட்டறையில் தினமும் செய்யாத வேலை?

ஸ்லட்ஜ் ஷெட் விஷயத்துக்கு வருகிறேன், வாட்ஸ்அப்பில் அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. செல் இருக்கிற இடம் கிழக்கு மதிலை ஒட்டியது. மதிலுக்கு அந்தப் பக்கம் லைன் வீடுகள், நம் பட்டறைகளிலேயே வேலை பார்க்கிற வடமாநிலப் பையன்கள் அறைக்கு ஆறு பேராகப் படுக்கிற இடம். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிய ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. நம்முடையது அவ்வளவு பெரிதில்லை என்பீர்கள். அளவு சின்னதுதான், ஆனால் 2016ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிப்படி 90 நாளுக்கு மேல் அடுக்கி வைக்கக் கூடாது என்று இருக்க, நம் ஷெட்டில் போன ஐப்பசி மழையில் நனைந்த சாக்கு இந்த ஐப்பசிக்கும் அங்கேயே இருக்கிறது. சாக்கில் மார்க்கரில் எழுதிய தேதியை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இடம் பற்றவில்லை என்பதால் இன்னொரு ஷெட் என்கிறீர்கள், சேறு ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்கிற ஒரே சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டு.

இதில் ஆலோசனை கேட்க அமெரிக்கா போகவேண்டியதும் இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மின்சாரத்தையும் உலோகத்தையும் வைத்து எழுபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறவர்கள். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். செல் வாங்கும் முன்னும் நாம் அங்கே போகவில்லை, தூக்கிப் போடும் முன்னும் போகவில்லை.

நான் கேட்பது இவைதான். செல்லை விற்கிற முடிவைப் பொதுக்குழு கூடும்வரை நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே யாரிடமாவது விலை பேசி முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள், அந்தத் தொகை அதிகமில்லை என்று கேள்விப்பட்டேன், தேவைப்பட்டால் நாங்கள் இரண்டு பட்டறைக்காரர்கள் போட்டுத் தருகிறோம். மூன்று மாதம் நிக்கல் டிராக் அவுட் மட்டும் அதில் ஓடட்டும், கேனும் வண்டியும் எங்கள் பொறுப்பு. செல்லில் ஓடுகிற மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வையுங்கள், உரிக்கிற ஏட்டை உறுப்பினர் முன்னால் எடை போட்டு, இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். குரோம், நிக்கல், சயனைடு மூன்றையும் தனித்தனிக் குழாயில் வாங்கும் வேலையை நாலு வருஷமாகத் தீர்மானத்திலேயே வைத்திருக்கிறீர்கள், அதற்கு ஒரு தேதி சொல்லுங்கள். குரோம் தண்ணீருக்கு இரும்புத் தகடு முறையைக் காரைக்குடிக்காரர்களைக் கூப்பிட்டுச் சின்ன அளவில் காட்டச் சொல்லுங்கள், அன்னபேதிக்கு ஆகும் செலவையும் பக்கத்திலேயே எழுதி ஒப்பிடுங்கள்.

கிழக்கு மதில் ஓரத்தில் ஷெட் கூடவே கூடாது. இதில் மூன்று மாதச் சோதனையெல்லாம் கிடையாது. இருக்கிற சாக்குகளை மழை வலுக்கும் முன் அனுப்பிவிட்டு, அனுப்பிய ரசீதை உறுப்பினர்களுக்குக் காட்டுங்கள். வெளியே போகிற தண்ணீரில் லிட்டருக்கு ஆறு இணைதிறன் குரோம் 0.1, நிக்கல் 3 மில்லிகிராம் என்பது சட்டம் வைத்த வரம்பு. அன்றன்றைய அளவு என்ன என்று வாசல் பலகையில் தமிழிலும் இந்தியிலும் எழுதிப் போடுங்கள், லைன் வீட்டுப் பையன்களும் படிக்கட்டும். எல்லாக் குரோம் பட்டறை ஆட்களுக்கும் வருஷம் ஒருமுறை மூக்கைப் பார்க்க இ.என்.டி. டாக்டர் வரவேண்டும், நிலையத்தின் செலவில். குழுவில் விசில் அடிக்கிற அந்த இரண்டு அண்ணன்மாரும் அன்றைக்கு முதலில் உட்காரலாம்.

பொதுக்குழு இருபத்தெட்டாம் தேதி என்கிறார்கள். நான் வருவேன். அந்தப் பதினொரு வாரத்து ஏடுகளை ஆபரேட்டர் தம்பி எடைக்குப் போடாமல் எனக்காக ஒரு மூலையில் வைத்திருந்தார், இப்போது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கொண்டுவருகிறேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு தராசு எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைக் கணக்கு எழுதும் உறுப்பினர் ஒருத்தி